பல் டாக்டரை விழுங்காத சிங்கம்!

பி.காம். படித்தவனிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணத்தில் மொய் நோட்டு, ஃப்ளாட்டில் பொருளாளர் பதவி, ஊருக்குப் போகிறவர்களின் வீட்டுச் சாவி... எல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். எனக்கு இந்த முறை விழுந்தது ஒரு நாலடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே முந்நூறு லிட்டர் உப்புத் தண்ணீர்.

மச்சினனுக்கு ஆபீஸில் ஆறு மாத ஆன்சைட். ஃப்ளோரிடா! பெட்டி கட்டிய கையோடு டெம்போ வைத்துத் தொட்டியைக் கொண்டுவந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், டி.வி. இருந்த இடத்தில் நிறுத்திவிட்டான். டி.வி. பெட்ரூமுக்குப் போயிற்று. நான் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

"ரெண்டே பேர்தான் மாமா. பெருசு லயன் ஃபிஷ். சின்னது களவாக் குட்டி. சாதுங்க. ஒண்ணே ஒண்ணு... வெறுங்கையை உள்ளே விட்டுடாதீங்க."

"கடிக்குமா?"

"சேச்சே... முதுகுல பதிமூணு முள் இருக்கு. எல்லாத்துலயும் விஷம். குத்தினா, தாங்கற சூட்டுல வெந்நீர்ல கையை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

இதற்குப் பெயர் சாது!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அழகென்றால் அப்படி ஓர் அழகு. உடம்பு பூராவும் சிவப்பு, வெள்ளை வரி. விசிறி விசிறியாகத் துடுப்பு. நீந்துவது போலவே தெரியாது. முகூர்த்தத்துக்கு லேட்டாக வந்தாலும் அவசரப்படாத பெரிய இடத்து மாமி மாதிரி ஒரு நடை. நாங்கள் அதற்குச் 'சிங்கம்' என்று பெயர் வைத்தோம்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பெண் 'ஃபைண்டிங் நீமோ' பார்த்தாள். 2003-ல் வந்த கார்ட்டூன் படம். அதில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் மீன்தொட்டி இருக்கும். தொட்டிக்குள்ளே ஒரு இறால், சுத்தம் சுத்தம் என்று அலையும்.

"அப்பா... நம்ம வீட்டுக்கும் ஒரு இறால் வேணும்!"

"ஃப்ரிட்ஜில அரைக் கிலோ இருக்குடி" என்றாள் மனைவி. குழந்தை அழுதது. நான் வண்டியை எடுத்தேன்.

* * *

கடைப் பெயர் வேண்டாம். நான் தொட்டியில் இருப்பவர்களின் விவரம் சொன்னேன். கடைக்காரர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பெப்பர்மின்ட் இறால் எடுத்துக்குங்க சார். ஃபுல் கம்பாட்டிபிள்!"

ஒரு அங்குலம்தான் இருக்கும். மூன்று வாங்கினேன். சாயங்காலம் விட்டோம். குழந்தை மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் எழுந்து பார்த்தால்... மூன்று பெயர்கள் மட்டும்தான் பாக்கி.

சிங்கம் ஒரு மூலையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பந்தியில் மூன்றாவது ஜாங்கிரி கேட்டு வாங்கியவர் முகத்தில் ஒரு சாந்தி இருக்குமே, அது!

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கம்பாட்டிபிள்தான். ஜீரணத்துக்கு.

* * *

எங்கள் பேட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயர் கொண்ட பேட்டை. 1929-ல் சிதம்பரத்தில் அவர் ஆரம்பித்த பல்கலைக்கழகத்துக்குப் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அது போதாதென்று, 1987-ல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. இறாலுக்கும் மீனுக்கும் ஜாதகம் பார்க்கிற இடம். அந்த கேட்டைத் தாண்டித்தான் தினம் ஆபீஸ் போகிறேன். ஒரு நாளும் நின்று போர்டைப் படித்ததில்லை.

படிக்க வைத்தவர் என் வாக்கிங் சிநேகிதர். மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று இறால் காணாமல் போன கதையைச் சொன்னதும், கிரீன்வேஸ் சாலையில் நடுப் பிளாட்பாரத்தில் நின்று சிரித்தார்.

"தம்பி, மீன்ல நல்லவன் கெட்டவன்னு கிடையாது. வாய்னு ஒண்ணு இருக்கு, பசின்னு ஒண்ணு இருக்கு. வாய்க்குள்ள போறதெல்லாம் சாப்பாடு. லயன் ஃபிஷ் தன் நீளத்துல பாதி இருக்கறதைக்கூட முழுங்கும். நீ ஒரு அங்குலத்துல வாங்கிப் போட்டிருக்கே. அது இறால் இல்லே, மாத்திரை!"

"கம்பாட்டிபிள்னு சொன்னாரே சார்..."

"கொடுவா மீன் தெரியுமில்லே? 1997-ல நம்ம நாட்டுலயே முதல் தடவையா அதை அடைச்சு வெச்சுக் குஞ்சு பொரிக்க வெச்சது இந்த நிறுவனம்தான். அந்தக் குஞ்சுங்களை வளர்க்கறவங்களைக் கேட்டுப் பாரு. ஒரே நாள்ல பொறந்ததுதான். அதுல ஒண்ணு கொஞ்சம் பெருசா வளர்ந்துட்டா, பக்கத்துல இருக்கற சின்னதை முழுங்கிடும். அதனால அடிக்கடி சைஸ் பார்த்துப் பிரிச்சுக்கிட்டே இருக்கணும். கூடப் பொறந்ததையே விடாத ஜாதி, நீ கடைல வாங்கினதையா விடும்?"

எனக்கு எங்கள் சொத்துத் தகராறு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"அப்போ சிங்கத்தோட இறாலே வெக்க முடியாதா சார்?"

"வெக்கலாம். ஆனா எந்த இறால்னு பார்க்கணும். பல் டாக்டரா பார்த்து வெக்கணும்."

கடலுக்கடியில், பவளப் பாறைகளில், சில இறால்கள் கிளினிக் வைத்திருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பாறைதான் கிளினிக். களவா, விலாங்கு என்று பெரிய பெரிய மீன்கள் அங்கே வந்து நின்று வாயைத் திறக்கும். இறால் உள்ளே போய் ஒட்டுண்ணி, செத்த தோல் எல்லாவற்றையும் பொறுக்கித் தின்னும். செவுளுக்குள்ளும் போகும். மீன் வாயை மூடாது. இறாலுக்குச் சாப்பாடு, மீனுக்கு வைத்தியம். ஃபீஸ், ரசீது, ஜி.எஸ்.டி. எதுவும் கிடையாது.

இந்த டாக்டர்கள் சிலபேர் நடனமும் ஆடுவார்கள். உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி, 'கிளினிக் திறந்திருக்கிறது' என்று விளம்பரம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து 2005-ல் எழுதினார்கள். பசி அதிகமான இறால்தான் அதிகமாக ஆடுகிறதாம். இன்கிரிமென்ட் மாதத்தில் எங்கள் ஆபீஸில் நான் பார்க்காத ஆட்டமா!

* * *

சார் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். தொட்டி வைத்திருக்கும் வாசகர்கள் கத்தரித்து ஒட்டிக்கொள்ளலாம்.

முதல் மார்க், கிளீனர் இறாலுக்கு. முதுகில் சிவப்பு, நடுவே நாமம் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, நீளநீளமாக வெள்ளை மீசை. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்த மீசையும் கோடும்தான் அதன் டாக்டர் கோட்டு. தூரத்திலேயே மீனுக்கு அடையாளம் தெரியும். இதில் ஒரு சௌகரியம், ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டாம். எல்லாமே ஆணாக ஆரம்பித்து, வளர்ந்தபின் ஆணும் பெண்ணும் தானேயாக ஆகிவிடும். எந்த இரண்டை விட்டாலும் குடும்பம்தான்.

இரண்டாவது, பவள வரி இறால். சலூன் வாசல் கம்பம் மாதிரி சிவப்பு வெள்ளைப் பட்டை. நீண்ட கொடுக்கு இருப்பதால் எளிதில் வாய்க்குள் போகாது. ஆனால் தன் ஜாதியைக் கண்டால் ஆகாது. ஜோடி சேர்ந்ததாக இல்லாவிட்டால் ஒன்றுதான் வைக்க வேண்டும். இரண்டு வைத்தால், சிங்கத்துக்கு வேலை வைக்காமல் அதுவே முடித்துவிடும்.

மூன்றாவது, தீ இறால். இலங்கை, மாலத்தீவுக் கடல்களில் இருக்கிறது. ரத்தச் சிவப்பு, வெள்ளைப் புள்ளி. இதுவும் டாக்டர்தான். ஆனால் கூச்ச சுபாவம். பகலெல்லாம் பொந்துக்குள்ளேயே இருக்கும். பணம் கொடுத்து வாங்கிவிட்டு டார்ச் அடித்துத் தேட வேண்டும்.

தொடவே கூடாதது, பெப்பர்மின்ட் போன்ற சின்ன ரகங்கள். (எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.) ஹார்லெக்வின் என்று ஓவியம் மாதிரி ஒன்று உண்டு. நட்சத்திர மீனைத் தவிர வேறெதையும் சாப்பிடாது. அதைச் சிங்கம் தின்காவிட்டாலும் பட்டினி தின்றுவிடும்.

இனி, டாக்டரையே மதிக்காத பேஷன்ட்டுகள். கிளாத்தி, அதாவது கடையில் 'ட்ரிக்கர்' என்று விற்பது. பேத்தை மீன். இந்த இரண்டுக்கும் பல்லே ஓட்டை உடைக்கத்தான். எத்தனை பெரிய இறாலானாலும் துண்டு துண்டாக்கித் தின்னும். ஹாக் ஃபிஷ், உருவம் சிறியது, இறால் என்றால் விடாது. விலாங்கில் ஒரு வேடிக்கை. கூரான பல்லைக் காட்டிப் பயமுறுத்தும் ரகங்கள் பெரும்பாலும் மீனைத்தான் தேடும். 'ஸ்நோஃப்ளேக்' என்று மழுங்கிய பல்லோடு, பார்க்கச் சாதுவாக ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் நண்டும் இறாலும் உயிர்!

"சாது மாதிரி இருக்கறவன்கிட்டதான் தம்பி ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் சார். நான் எங்கள் மேனேஜரை நினைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. இந்த டாக்டர் இறாலோட குஞ்சுங்க மாசக் கணக்கா கடல்ல மிதந்து வளரும். தொட்டில வளர்க்கறது சிரமம். கடைக்கு வர்றதுல பெரும்பாலும் கடல்ல பிடிச்சதுதான். மறுபடி மாத்திரை ஆக்கிடாதே."

அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே ஞாபகம் இருந்தது.

* * *

அடுத்த வாரம் இரண்டு கிளீனர் இறால். கொடுத்த பணத்தில் பட்டினப்பாக்கத்தில் கிலோ கணக்கில் வாங்கியிருக்கலாம் என்று மனைவி கணக்குப் போட்டாள். அவளும் பி.காம்.தான்.

சரியான முறை, தொட்டியில் முதலில் இறாலைக் குடிவைத்து, பிறகு பெரிய மீனை விடுவது. முன்னாலேயே இருப்பது பாறை மாதிரி. பின்னால் வருவது பலகாரம். எங்கள் வீட்டிலோ சிங்கம் சீனியர். அதனால் சார் ஒரு குறுக்குவழி சொன்னார். தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நீண்ட இடுக்கியால் தொட்டியிலுள்ள கல்லையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினேன். சிங்கத்துக்கே இது புது வீடு என்று தோன்ற வேண்டும். ஒரு மூலையில், அதன் தலை நுழையாத அளவுக்கு ஒரு பொந்து. (கல் என்றால் செயற்கைக் கல். பவளப் பாறையை வாங்கிவிடாதீர்கள். 2001 முதல் நம் ஊர் கடின பவளங்களெல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான அட்டவணையில் இருக்கின்றன.)

உப்பின் அளவு சட்டென்று மாறினால் இறால் தாங்காது. வந்த பையின் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, தொட்டித் தண்ணீரை டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் உறவினர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சிங்கத்துக்கும் களவாவுக்கும் வயிறு முட்ட சங்கரா மீன் துண்டு. மீன்தான், இறால் இல்லை. தினமும் இறாலை ஊட்டிவிட்டு, 'கண்ணா, இறால் சாப்பிடாதே' என்றால் யார் கேட்பார்கள்?

ராத்திரி லைட்டை அணைத்தேன். மேலிருந்து எது விழுந்தாலும் மீனுக்கு அது சாப்பாடு. அதனால் பெரிய பிளாஸ்டிக் குழாயை அடிவரைக்கும் இறக்கி, அதன் வழியாகப் பொந்து வாசலிலேயே இரண்டையும் விட்டேன்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. குழந்தையும் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அது நடந்தது. பெரிய இறால் பொந்தைவிட்டு வெளியே வந்து, மீசையை ஆட்டியது. களவா அருகே வந்தது. நின்றது. வாயைத் திறந்தது. என் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இறால் நடந்து உள்ளே போயிற்று. முழுசாக! அரை நிமிஷம் இருக்கும். பிறகு சாவகாசமாக வெளியே வந்து அடுத்த பேஷன்ட்டைப் பார்க்கப் போயிற்று.

சிங்கம் வரிசையில் நின்றது.

* * *

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, தொட்டியின் அடியில் இறால் விழுந்து கிடந்தது. கண்ணாடி மாதிரி உடம்பு. அசைவில்லை. குழந்தை போட்ட சத்தத்தில் பக்கத்து ஃப்ளாட் மாமி ஓடிவந்தார். நான் இடுக்கியால் எடுத்தேன். செம்பருத்தித் தொட்டியில் குழி தோண்டி, பூவெல்லாம் போட்டு மரியாதை செய்தோம். ஸ்கூலுக்கு அழுதுகொண்டே போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், தொட்டியில் இரண்டு டாக்டரும் டியூட்டியில்!

சாரிடம் ஓடினேன். "அட, அது சட்டை உரிச்சிருக்கு தம்பி. பாம்பு மாதிரி. வளரணும்னா பழைய ஓட்டை மீசையோட முழுசா கழட்டிப் போடணும். நீ புதைச்சது அதோட பழைய சட்டை!"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஆனா ஒண்ணு கவனி. சட்டை கழட்டின ராத்திரி அதுக்கு உடம்பெல்லாம் மெத்துனு இருக்கும். அப்போ அது டாக்டர் இல்லே, வெறும் கறி. அன்னிக்கு அதைக் காப்பாத்தறது ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, சிங்கத்தோட வயிறு நிறைஞ்சிருக்கணும். இன்னொண்ணு, பொந்து."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு ஆடிட் வந்தது. காமர்ஸ் படித்தவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம். நாலு நாள் வீட்டுக்கு வரும்போது ராத்திரி பதினொன்று. 'அப்புறம் போடலாம்' என்று நினைத்துச் சிங்கத்துக்குச் சாப்பாடு போடாமலே தூங்கினேன். அதற்கு முந்தின ஞாயிறு, பாசி படிந்திருக்கிறதென்று கல்லையெல்லாம் எடுத்துக் கழுவி, அவசரத்தில் ஏதோ ஒரு மாதிரி அடுக்கியிருந்தேன். பொந்து போன இடம் தெரியவில்லை. 'ஆடிட் முடியட்டும்' என்று விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை தொட்டியின் அடியில் ஒரு சட்டை கிடந்தது.

"அப்பா, டாக்டர் சட்டை மாத்திடுச்சு!" என்று குதித்தாள் குழந்தை. இந்த முறை அழவில்லை. விவரம் தெரிந்துவிட்டதே! "சாயந்திரம் வந்துடும்" என்று டாட்டா காட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஒன்றுதான் இருந்தது. மறுநாளும் ஒன்றுதான். "வெக்கமா இருக்கு போல. புது சட்டை சரியா வரலை" என்றாள். மூன்றாம் நாள் ராத்திரி, இருட்டில் தொட்டி முன்னால் உட்கார்ந்து, "இன்னும் வரலையாப்பா?" என்றாள்.

சிங்கத்தின் மேல் பழியைப் போடுவது ரொம்பச் சுலபம். வரவு செலவில் ஏதாவது இடித்தால் 'இதர செலவு' என்று எழுதித் தள்ளுகிற கைதானே இது! வாய்வரை வந்துவிட்டது. ஆனால், தண்ணீருக்குள் பூரா வாயைத் திறந்தபடி நின்ற களவாவுக்குள் அந்த ஜீவன் நம்பிக்கையாக நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அது நம்பியது களவாவை மட்டுமா?

"வராதும்மா" என்றேன். "சிங்கம் சாப்பிட்டிருக்கும்."

"சிங்கம் கெட்டதா?"

"இல்லே. அதுக்குப் பசி. நான் சோறு போடலை. இறால் ஒளிஞ்சுக்க இடம் இருந்தது. அதை நான் கலைச்சுட்டேன். தப்பு அப்பாவோடது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆடிட்டர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

* * *

மச்சினனுக்கு வீடியோ கால் போட்டு ஒப்புக்கொண்டேன். அவன் கோபிக்கவில்லை. "இங்கே கதையே வேற மாமா. லயன் ஃபிஷ் இந்தக் கடல்லயே கிடையாதாம். 1985-ல ஃப்ளோரிடாப் பக்கம் முதல் தடவை பார்த்திருக்காங்க. வளர்த்தவங்க யாரோ கடல்ல விட்டிருப்பாங்கன்னு சொல்றாங்க. இப்போ பெருகிப் போய் இங்கத்து மீன் குஞ்சையெல்லாம் தின்னு தீர்க்குது. போட்டி வெச்சுப் பிடிக்கறாங்க. ஹோட்டல்ல மெனுவில இருக்கு."

"நீ சாப்பிட்டியா?"

வெகு நேரம் பதில் இல்லை.

"...நல்லாத்தான் இருந்தது மாமா."

அங்கேயும் சிங்கத்தின் பேரில் குற்றமில்லை. தொட்டிக்காரன்தான். இரண்டு ஊரிலும் ஒரே தீர்ப்பு.

அந்த ஞாயிறு உட்கார்ந்து கல்லைப் பழையபடி அடுக்கினேன். இந்தத் தடவை இரண்டு பொந்து. மிச்சமிருக்கிற டாக்டர் வழக்கம்போல் சிங்கத்தின் வாய்க்குள் போய் வந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் காலையில் தொட்டியின் அடியில் மறுபடி ஒரு சட்டை. நான் ஆபீஸ் கிளம்புகிற நேரம். பார்த்தால் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. கிரேயான்ஸில், கோணல்மாணலான எழுத்தில், 'டாக்டர் இன்று லீவு.'

"சிங்கத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாடி?" என்று சிரித்தேன்.

குழந்தை ஷூ மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"போர்டு சிங்கத்துக்கு இல்லப்பா. உனக்கு."

பையை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து சங்கரா மீனை எடுத்தேன். அன்றைக்கு ஆபீஸுக்கு இருபது நிமிஷம் லேட். சாதுவான மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது!